வெனீர் ஒட்டிய சதுரங்கப் பலகை: மரத்தின் அசைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் கொல்லைக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். பங்குனி வெயில் வந்ததும் அதே கதவு தானாக லேசாகிவிடும். நம் ஊரில் இதைப் பார்க்காத வீடு இருக்காது. சதுரங்கப் பலகையிலும் இருப்பது அதே மரம்தான். ஆனால் கதவு பிடித்தால் இழைத்துச் சரிசெய்துவிடலாம், 64 கட்டம் ஒட்டிய பலகை விரிந்தால் இழைக்க ஒன்றுமில்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு, வீட்டிலேயே பலகை செய்ய ஆசைப்பட்டு என்னிடம் விவரம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், என் கை அனுபவத்தில் சொல்லக்கூடிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். 5 செ.மீ. கட்டம், 40 செ.மீ. ஆடுகளம், சுற்றிலும் 2.5 செ.மீ. சட்டம், ஆக மொத்தம் 45 செ.மீ. சதுரம் என்ற அளவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கெட்டி மரத்திலேயே செய்யலாமே, எதற்கு வெனீர் என்ற மெல்லிய மரத்தாள்? அது மேல்பூச்சு வேலை இல்லையா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் பலகை கெட்டித் தேக்கும் ஈட்டி மரமும் (ரோஸ்வுட்). 12 மி.மீ. கனத்தில் பட்டைகளை ஒட்டி, அதை ஒரு ப்ளைவுட்டின் மேல் முழுப் பரப்பிலும் பசை தடவிப் பதித்து, நான்கு பக்கமும் தேக்குச் சட்டத்தை இறுக்கிப் பிடித்து ஒட்டினேன். ஐப்பசி மழையில் முடித்த வேலை. அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். அவன் அறையில் இரவெல்லாம் ஏ.சி. ஓடும். மாசி மாதம் அக்கா போனில் கூப்பிட்டு, "தம்பி, ராத்திரி பலகையில படார்னு ஒரு சத்தம்டா. காலையில பார்த்தா நடுவுல விட்டிருக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். நான்காவது, ஐந்தாவது நெடுவரிசைகளுக்கு நடுவே நீளவாட்டில் ஒரு விரிசல், ஒரு ரூபாய் நாணயம் செங்குத்தாக நுழையும் அகலம். சட்டத்தின் மூலைகளில் உட்பக்கம் கருப்பாக இடைவெளி தெரிந்தது. பசை விட்டுக்கொடுக்கவில்லை. ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் தேக்கின் நாரே கிழிந்திருந்தது. மரம் சுருங்கப் பார்த்திருக்கிறது, கீழே இருந்த ப்ளைவுட் விடவில்லை, இரண்டுக்கும் நடுவில் கிழிந்தது மரம்.

மேல்பூச்சு வேலை என்ற எண்ணம் அன்றைக்கே போய்விட்டது. அசைய வேண்டிய மரத்தை அசைய விடு, இல்லையென்றால் அசைய முடியாத அளவுக்கு மெல்லிசாக்கிக் கட்டிப்போடு. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். வெனீர் இரண்டாவது வழி. அரை மி.மீ. தாளுக்கு அடிப்பலகையை இழுத்துக் கிழிக்கும் வலு கிடையாது. பசை அதை அதன் இடத்திலேயே நிறுத்தி வைக்கும்.

மரம் அப்படி எவ்வளவுதான் அசையும்? கணக்குச் சொல்ல முடியுமா?

முடியும், ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

முதலில் ஒரு விஷயம். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அசைவெல்லாம் அகலவாட்டில், நாருக்குக் குறுக்கே. பச்சை மரத்தை எலும்பாகக் காயவைத்தால் தேக்கு, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும். வெளிநாட்டு மேப்பிளில் இது 9.9, 4.8 என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேக்கை நம்புவதற்குக் கரையான் தொடாதது மட்டும் காரணம் இல்லை, இந்தச் சிறிய எண்களும்தான்.

சுருக்கம் முழுவதும் மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நடக்கிறது. ஆகவே 5.8-ஐ 30-ஆல் வகுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது தேக்கின் அகலம் சுமார் 0.19 சதவீதம் மாறும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாகவே நீடித்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 16 சதவீதத்தில் போய் நிற்கும். அதே வெப்பத்தில் காற்று 50 சதவீதத்துக்கு உலர்ந்தால் 9-க்கு இறங்கும். பாலிஷ் போட்ட மரம் முழுதாக ஏறி இறங்காது என்று வைத்து, 14-இலிருந்து 9-க்கு, அதாவது 5 சதவீத மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். 400 மி.மீ. ஆடுகளத்தில் அது ஏறக்குறைய 4 மி.மீ. மேப்பிளில் 6.5 மி.மீ.-ஐத் தாண்டும்.

4 மி.மீ. என்பது ஸ்கேலில் பார்த்தால் சின்ன அளவு. ஆனால் சட்டமும் அடிப்பலகையும் அந்த 4 மி.மீ.-க்கு இடம் தராவிட்டால், மரம் அந்த இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். என் பலகையில் விழுந்த விரிசல் அதுதான்.

அடிப்பலகைக்கு எது நல்லது? ப்ளைவுட்டா, எம்.டி.எஃப்.-ஆ?

நான் 12 அல்லது 18 மி.மீ. எம்.டி.எஃப். போடுகிறேன், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதில் நார்வாக்கு என்று ஒன்று இல்லை, எந்தத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். முகம் கண்ணாடி போல் சமம். 0.5 மி.மீ. வெனீருக்குக் கீழே சின்னப் பள்ளம் இருந்தாலும் பாலிஷ் போட்டபின் விளக்கு வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இந்தச் சமம் முக்கியம். எம்.டி.எஃப்.-இன் பலவீனம் ஓரம். வெட்டின ஓரம் தண்ணீரைப் பஞ்சு போல் குடித்து உப்பும், உப்பினது திரும்ப இறங்காது.

ப்ளைவுட் போடுவதானால் முகத்தில் ஓட்டை ஒட்டு இல்லாத, உள்ளே வெற்றிடம் இல்லாத நல்ல பலகையாகப் பாருங்கள். வீட்டுக்குள் இருக்கப்போகும் சதுரங்கப் பலகைக்கு மெரைன் ப்ளை கட்டாயம் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் மலிவுப் பலகைகள் வாங்கும்போதே முறுகியிருக்கும். கண்ணுக்கு நேரே தூக்கி ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முறுகிய பலகையை வெனீர் நேராக்காது. ப்ளைவுட்டில் இன்னொரு விதி, மேல் படலத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக உங்கள் வெனீரின் நார் ஓட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால், நாளாவட்டத்தில் கீழ்ப்படலத்தின் நுண்விரிசல்கள் மேலே தெரிய ஆரம்பிக்கும்.

உள்ளே மரக்கட்டைகளை அடுக்கிச் செய்த பிளாக் போர்டு வேண்டாம். உள்ளே இருக்கும் ரீப்பர்களின் வரி மேலே எழும்பித் தெரியும்.

அடிப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கேயும் வெனீர் வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

பசையில் தண்ணீர் இருக்கிறது. தடவியதும் வெனீர் அதைக் குடித்து அகலத்தில் விரிகிறது. விரிந்த நிலையிலேயே பசை இறுகிவிடுகிறது. அப்புறம் காய்கிறது, காயும்போது சுருங்கப் பார்க்கிறது. அடிப்பலகையின் ஒரு முகத்தை மட்டும் இப்படி இழுத்தால் பலகை அந்தப் பக்கமாகக் குழியும். எவ்வளவு கனமான எம்.டி.எஃப். ஆனாலும் சரி, நாள்பட்டால் குழியும். 45 செ.மீ. பலகையில் நடுவில் 2 மி.மீ. குழிந்தாலே மேசையில் வைத்ததும் ஆடும், காய் வைக்கும்போது தட்டுத்தட்டென்று சத்தம் வரும்.

அடிப்பக்கத்திலும் அதே கன வெனீரை, நார் அதே திசையில் ஓடும்படி, அதே பசையில், முடிந்தால் அதே நேரத்தில் ஒட்டினால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று அடக்கிவிடும். மரம் ஒரே ஜாதியாக இருந்தால் மிக நல்லது. செலவு பார்ப்பவர்கள் விலை குறைந்த வெனீரைப் போடலாம், கனம் மட்டும் மாறக்கூடாது.

அடியில் வெல்வெட்டோ ஃபெல்ட்டோ ஒட்டிவிட்டேன், அது போதுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. துணிக்கு இழுக்கும் வலு இல்லை. வெனீர் ஒட்டி, பாலிஷ் அடித்து, அதற்கு மேல் ஃபெல்ட் ஒட்டுங்கள்.

பாலிஷுக்கும் இதே கணக்கு. மேலே ஆறு கோட்டு, அடியில் ஒன்றுமில்லை என்று விட்டால் அடிப்பக்கம் வேகமாக ஈரம் ஏறி இறங்கும், மேல்பக்கம் மெதுவாக. எந்தப் பாலிஷும் ஈரத்தை முழுதாக நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். வேகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

எந்த மரங்களைச் சேர்க்கலாம்?

கருப்புக் கட்டத்துக்கு ஈட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. கத்தரிப்பூ நிறம் கலந்த அந்தக் கரும்பழுப்பு நம் மலைக்கே உரியது. ஆனால் தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994-இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. 2017 முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பில்லோடு கடையில் வாங்குங்கள், அல்லது பழைய கட்டில், பீரோ உடைத்த துண்டுகளைத் தேடுங்கள். வெனீராக எடுத்தால் ஒரு பலகைக்குக் கைப்பிடி மரம் போதும் என்பதும் வெனீர் வேலையின் நியாயங்களில் ஒன்று. ஈட்டி கிடைக்காவிட்டால் வால்நட் வெனீர் எளிதாகக் கிடைக்கிறது.

வெள்ளைக் கட்டத்துக்கு மேப்பிள், ஆஷ், பீச் ஆகியவை வெனீர் கடைகளில் உண்டு. நம் மரத்திலேயே வேண்டுமென்றால் வெப்பாலையைச் சொல்வேன். சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான். தந்தம் போன்ற வெண்மை, நுண்ணிய நார். ஆனால் அடிமரம் பருக்காத சிறு மரம் என்பதால் நீங்களே 2 மி.மீ. தகடாக அறுத்துக்கொள்ள வேண்டிவரும். அந்தக் கனம் வரைக்கும் அது வெனீர் போலவே நடந்துகொள்ளும். 3 மி.மீ.-ஐத் தாண்டினால் கெட்டி மரத்தின் குணம் வந்துவிடும், அடிப்பலகையோடு மல்லுக்கு நிற்கும்.

தேக்கைக் கருப்புக் கட்டத்துக்கு வைக்காதீர்கள். போகப்போக நிறம் மாறி, வெள்ளைக் கட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் குறைந்துவிடும். சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

64 துண்டையும் தனித்தனியாக வெட்டி ஒட்ட வேண்டுமா?

வேண்டாம். பட்டையாக வெட்டி, சேர்த்து, குறுக்கே வெட்டி, நகர்த்துவதுதான் வழி.

வெள்ளையில் 5, கருப்பில் 4 என்று 5 செ.மீ. அகலப் பட்டைகள் ஒன்பது வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் 43 செ.மீ. இருக்கட்டும். வெள்ளை, கருப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி அடுக்கி டேப் போட்டு ஒரே தாளாக்குங்கள். இதை நாருக்குக் குறுக்கே 5 செ.மீ. அகலத்தில் எட்டு வரிசையாக வெட்டுங்கள். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் 9 கட்டம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது வரிசைகளை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சதுரங்கம் பிறந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டங்களை வெட்டி எறியலாம்.

நான்கு வெள்ளை நான்கு கருப்பு வைத்து, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாலும் கணக்குச் சரியாக வரும், ஒரு பட்டையும் மிச்சம். ஆனாலும் நான் திருப்புவதில்லை. வெனீரின் நார் வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பி அனுப்பும். திருப்பின வரிசை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிழல் கூடுதலாகத் தெரியும். ஜன்னல் பக்கம் பலகையைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். நகர்த்தும் முறையில் எல்லாக் கட்டமும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். சீவி எடுத்த வெனீருக்கு இறுக்கமான முகம், தளர்ந்த முகம் என்று இரண்டு உண்டு. கையில் வளைத்துப் பாருங்கள், எந்த முகம் வெளியே புடைக்கும்போது எளிதாக வளைகிறதோ அது தளர்ந்த முகம். நுண்விரிசல்கள் அதில்தான் இருக்கும். அது கீழே, பசைப் பக்கம் போக வேண்டும்.

வெட்டும்போது ஓரம் பிசிறுகிறது, கோடு விலகுகிறது. என்ன செய்வது?

புது பிளேடு. சந்தேகம் வந்தால் இன்னொரு புது பிளேடு. ஸ்டீல் ஸ்கேலின் அடியில் உப்புத்தாள் துண்டு ஒட்டிக்கொண்டால் நழுவாது. ஒரே இழுப்பில் வெட்ட முயலாதீர்கள். முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும், கையின் எடையே போதும். நான்காவது ஐந்தாவது இழுப்பில் தாள் தானாக விடுபடும்.

நார்வாக்கில் வெட்டும்போது பிளேடு நாரின் பின்னால் ஓடப் பார்க்கும். ஆகவே ஸ்கேல் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளேடு ஓடினாலும் கழிவுப் பக்கம் ஓடட்டும். குறுக்கே வெட்டும்போது கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் வெட்டுங்கள். கடைசி ஒரு செ.மீ.-ஐ எதிர்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வெட்டினால் முனை பிய்யாது.

அளவில் கறாராக இருங்கள். பட்டைக்கு 0.2 மி.மீ. தப்பினால் எட்டுப் பட்டையில் 1.6 மி.மீ. அப்புறம் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. நான் ஒவ்வொரு பட்டையையும் ஸ்கேலால் அளப்பதில்லை. சரியாக 50 மி.மீ. அகலத்தில் ஒரு எம்.டி.எஃப். துண்டை வெட்டி வைத்து, எல்லாவற்றையும் அதை அணைத்தே வெட்டுகிறேன். வெட்டின பட்டைகளை மொத்தமாக இரண்டு நேர்ப்பலகைகளுக்கு நடுவில் பிடித்து, ஓரத்தில் இழைப்புளியை இரண்டு தடவை ஓட்டினால் இணைப்பு மயிரிழையாக வரும்.

எந்தப் பசை?

சாதாரண வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ., புதிதாகச் செய்பவர்களுக்குப் போதும். தூளில் கலக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை கண்ணாடி போல் இறுகி அசையாமல் நிற்கும், நேரமும் கூடக் கொடுக்கும். அதைக் கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பழைய தச்சர்களின் வச்சிரமும் அருமையான பசைதான், ஆனால் காய்ச்சப் பழக வேண்டும், அடைமழை ஈரத்தில் அது இளகும்.

மைக்கா ஒட்டும் ரப்பர் பசை மட்டும் வேண்டாம். பிடித்தது போலவே இருக்கும், ஆனால் அந்தப் படலம் இறுகாமல் ரப்பராகவே நிற்பதால் கீழே வெனீர் தன் இஷ்டத்துக்கு அசையும். ஒரு வருடத்தில் இணைப்புகள் விடும், அங்கங்கே குமிழ் எழும்.

ஒட்டும்போது எவ்வளவு அழுத்தம் வேண்டும்? புத்தகம் அடுக்கி வைத்தால் போதாதா?

போதவே போதாது. காற்றை உறிஞ்சும் வேக்குவம் பையில் வைத்து ஒட்டுபவர்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் சதுர செ.மீ.-க்கு ஒரு கிலோ அழுத்தம். சின்ன எண்ணாகத் தோன்றும். 45 செ.மீ. சதுரம் என்பது 2,025 சதுர செ.மீ., அதாவது இரண்டு டன் எடை. வீட்டில் இருக்கும் புத்தகம் முழுவதையும் ஏற்றினாலும் அந்தப் பக்கம்கூடப் போக முடியாது.

வேக்குவம் பை இல்லாதவர்களுக்கு வழி கிளாம்பும் ரீப்பரும். மேலும் கீழும் 18 மி.மீ. எம்.டி.எஃப். துண்டு, அதற்கு மேல் குறுக்காக நான்கு அல்லது ஐந்து ஜோடி ரீப்பர்கள். ஒவ்வொரு ரீப்பரின் ஒரு முகத்தையும் நடுவில் 1 முதல் 2 மி.மீ. புடைக்கும்படி இழைத்துக்கொள்ளுங்கள். புடைத்த முகம் பலகையைப் பார்க்க வேண்டும். இரண்டு முனையையும் கிளாம்பால் இறுக்கும்போது முதலில் நடுவில் அழுத்தம் விழுந்து, பசை ஓரத்தை நோக்கி ஓடும். நடு ரீப்பரை முதலில் இறுக்கி, வெளியே நகருங்கள்.

பசையை அடிப்பலகையில் மட்டும் ரோலரால் தடவுங்கள், வெனீரில் தடவினால் சுருண்டுவிடும். ஒரு முகத்துக்கு 35 முதல் 40 கிராம் போதும். பலகை முழுக்க மெல்லிய வெள்ளைப் படலமாக, ரோலரின் புள்ளிகள் தெரிய இருக்க வேண்டும். குளம் கட்டினால் அதிகம், கீழே பழுப்பு தெரிந்தால் குறைவு. டேப் ஒட்டின முகம் மேலே. அதற்கும் அழுத்தும் பலகைக்கும் நடுவில் பாலிதீன் தாள் வையுங்கள், இல்லையென்றால் துளைகள் வழியே கசியும் பசை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். செய்தித்தாள் வேண்டாம், எழுத்து பதியும்.

ஒட்டத் தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வெயிலில் விசிறி ஓடினால் பசை ஐந்து நிமிடத்தில் மேல்படலம் கட்டிவிடும். ஒருமுறை பசையே இல்லாமல் எல்லாவற்றையும் அடுக்கி, இறுக்கி, அவிழ்த்து ஒத்திகை பாருங்கள். இறுக்கியபின் இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் அவிழ்த்ததும் நகத்தால் பலகை முழுக்க மெல்லச் சுரண்டிக்கொண்டே காதை வைத்துக் கேளுங்கள். ஒட்டின இடம் மந்தமாக ஒலிக்கும். ஒட்டாத இடம் காய்ந்த சருகைத் தொட்டது போல் சரசரக்கும். பி.வி.ஏ. போட்டிருந்தால் அந்த இடத்தில் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் துணி வைத்து அழுத்தி, ஆறும்வரை ஒரு மரக்கட்டையால் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஒட்டிவிடும். பிடிக்காவிட்டால் நார்வாக்கில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, ஊசியால் பசை செலுத்தி மறுபடி அழுத்துங்கள்.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெனீர், அடிப்பலகை, சட்ட மரம் எல்லாவற்றையும் ஒரே அறையில், காற்றுப் படும்படி பத்து நாள் வைத்திருங்கள். பலகை ஏ.சி. அறைக்குப் போவதாக இருந்தால் அந்த அறையிலேயே வையுங்கள்.

சட்டத்துக்கான கெட்டி மரத்தின் ஈரத்தை அறிய, ஊசி மீட்டர் இல்லாவிட்டால் சமையலறைத் தராசும் ஓவனும் போதும். சின்னத் துண்டை எடை போடுங்கள். 103 டிகிரியில் எடை இறங்குவது நிற்கும்வரை காயவைத்து மறுபடி போடுங்கள். 57 கிராம் 50 ஆனால், குறைந்த 7-ஐக் காய்ந்த எடை 50-ஆல் வகுத்தால் 14 சதவீதம்.

சட்டத்தை எப்படிச் சேர்ப்பது? மூலை விடுகிறதே?

வெனீர் பலகையில் சட்டத்தை நேராக ஒட்டலாம். எம்.டி.எஃப். பெரிதாக அசையாது, சட்டமும் தன் நீளத்தில் அசையாது, ஆகவே சண்டை இல்லை. ஆனால் அகலத்தைக் குறைவாக வையுங்கள். 45 டிகிரி மூலையில் மரம் அகலத்தில் மட்டும் விரிவதால் வெட்டின கோணமே மாறிப்போகும். மழையில் உப்பினால் மூலையின் வெளிமுனை திறக்கும், காய்ந்து சுருங்கினால் உள்முனை திறக்கும். என் முதல் பலகையில் உள்ளே திறந்ததைப் பார்த்ததுமே, ஈரமாக ஒட்டியிருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. 2.5 செ.மீ. சட்டத்தில் இந்த மாற்றம் கால் மி.மீ.-தான். 8 செ.மீ. சட்டத்தில் கண்ணுக்கே தெரியும். அகலச் சட்டம் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டால் அதையும் வெனீரிலேயே செய்யுங்கள்.

சட்டத்தை முதலில் ஒட்டி அதன் மேலும் வெனீர் போர்த்தாதீர்கள். இரண்டு பருவம் கழிந்ததும் சேர்ந்த இடம் ஒரு கோடாக மேலே எழும்பித் தெரியும்.

வெனீரே வேண்டாம், கெட்டி மரம்தான் வேண்டும் என்றால்?

நம் பழைய பலகைக் கதவைப் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் பசை இல்லாமல் சும்மா நிற்கும், விரிந்தால் உள்ளே போகும், சுருங்கினால் வெளியே வரும். அதையே செய்யுங்கள். எல்லாக் கட்டத்தின் நாரும் ஒரே திசையில் ஓடட்டும். சட்டத்தில் 10 மி.மீ. ஆழக் காடி. காய்ந்த காலத்தில் செய்தால் அகலவாட்டில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. இடம் விடுங்கள், அடைமழையில் செய்தால் 1 மி.மீ. போதும். பசை சட்டத்தின் மூலைகளுக்கு மட்டும். பலகையை நடுவில் ஒரே ஒரு புள்ளியில் பிடித்தால் அசைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். பாலிஷைச் சட்டத்தில் பூட்டுவதற்கு முன்பே அடியுங்கள். பூட்டியபின் அடித்தால், கோடையில் சுருங்கும்போது ஓரத்தில் நிறமில்லாத ஒரு வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும்.

பாலிஷ் போட்டதும் ஈட்டியின் சிவப்பு வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிட்டது. ஏன்?

ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷைத் துணியால் தேய்த்தபடியே கட்டம் தாண்டினால் அது மேப்பிளின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எடுக்க முடியாது. உப்புத்தாளின் தூளும் அப்படித்தான். ஆகவே உப்புத்தாளைக் குறைத்து, ஸ்கிரேப்பர் தகட்டால் நார்வாக்கில் சுரண்டுங்கள். தூளைத் துணியால் தேய்க்காமல் ஊதியோ உறிஞ்சியோ எடுங்கள். முதல் இரண்டு கோட்டு அவலரக்கை நீர்க்கக் கரைத்து, மெல்லிய தூவலாக ஸ்பிரே செய்யுங்கள். அது காய்ந்து சாயத்தைப் பூட்டியபின் எந்தப் பாலிஷும் போடலாம்.

வெனீர் 0.5 மி.மீ.-தான் என்பதை மறக்க வேண்டாம். மெஷின் சாண்டரைப் போட்டால் ஒரு நிமிடத்தில் எம்.டி.எஃப். பல்லைக் காட்டும்.

பளபளப்பு வேண்டாம், மேட் போடுங்கள். போட்டிப் பலகைகளும் பளபளக்கக் கூடாது என்பதுதான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அளவுகோல். மணிக்கணக்காகக் குனிந்து பார்ப்பவரின் கண்ணில் விளக்கு அடிக்கக்கூடாது.

கட்ட அளவை எப்படி முடிவு செய்வது?

ஃபிடே சொல்வது 5 முதல் 6 செ.மீ., ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ. காய்களை முதலில் வாங்கிவிடுங்கள். ஒரு கட்டத்தில் நான்கு சிப்பாய்களை நெருக்கி நிறுத்த முடிந்தால் அளவு சரி. சட்டம் பூட்டும் முன், ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குழிந்துவிட்ட பலகையைச் சரிசெய்ய முடியுமா?

ஒரு முகத்தில் மட்டும் வெனீர் ஒட்டிக் குழிந்தது என்றால், பெரும்பாலும் முடியும். அடியில் ஃபெல்ட், பாலிஷ் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அதே கன வெனீரை அதே நார்த் திசையில், தண்ணீர் கலந்த பி.வி.ஏ. பசையால் ஒட்டுங்கள். சமமான பலகைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி இரண்டு நாள் விடுங்கள். அவிழ்த்த அன்றே நேராகத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி செங்குத்தாகச் சாய்த்து இரண்டு வாரம் வைத்து, ஸ்டீல் ஸ்கேலை மூலைவிட்டமாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் தெரியும் வெளிச்சம் நாளுக்கு நாள் குறைந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அப்படியே நின்றுவிட்டால் அதுதான் அதன் இறுதி நிலை. அதற்குப் பிறகு பாலிஷ் அடிக்கலாம், இந்த முறை அடிப்பக்கத்தில் தொடங்கி.